அக்கி மாத்திரையும் ஹெச் இண்டெக்ஸும்

எங்கள் ஆச்சி, அதாவது அக்கா மகன் கெமிஸ்ட்ரியில் பிஎச்டி முடித்துவிட்டு வேலைக்கு அலைகிறான். போன வாரம் ஒரு கல்லூரியில் நேர்காணல், பேர் வேண்டாம். என்ன ஆராய்ச்சி செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். ஹெச் இண்டெக்ஸ், அதாவது கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கு, எவ்வளவு என்றார்களாம், ஐந்து என்றானாம், சரி சொல்லி அனுப்புகிறோம் என்று எழுப்பி விட்டுவிட்டார்கள். நேரே காரைக்குடியில் என் மருந்துக்கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "அஞ்சுன்னா ரொம்பக் கம்மியா அம்மான்?" என்றான்.

அந்த நேரம் பார்த்து குன்றக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து துண்டை விலக்கிக் காட்டினார். இடுப்பைச் சுற்றி அக்கி, மேலே வேளாரிடம் காவியில் எழுதிக்கொண்டு வந்த ஈரம் இன்னும் காயவில்லை. டாக்டர் சீட்டில் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், தினம் ஐந்து வேளை, ஏழு நாள். 35 மாத்திரை எண்ணிக் கொடுத்தேன். "அஞ்சு வேளையா?" என்று அவரும் அந்த ஐந்தையேதான் கேட்டார்.

அந்த மாத்திரைக்குப் பின்னால் இருக்கிற கெர்ட்ரூட் எலியன் என்ற விஞ்ஞானி முனைவர் பட்டம் முடிக்காதவர். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படித்தார், முழு நேரமும் வந்தால்தான் ஆச்சு என்றதும் படிப்பை விட்டுவிட்டார். 1988-ல் நோபல் வாங்கினார். ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் ஹெச் இண்டெக்ஸ் கணக்கைச் சொன்னதே 2005-ல்தான்.

கணக்கு ரொம்ப எளிது. உன் கட்டுரைகளில் ஐந்து, ஒவ்வொன்றும் ஐந்து முறையாவது மேற்கோள் (சைட்டேஷன்) காட்டப்பட்டிருந்தால் உன் எண் ஐந்து. ஒருவர் ஆயுசுக்கும் ஐந்தே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் ஐயாயிரம் பேர் எடுத்தாண்டாலும் அதே ஐந்துதான்! ஐந்தொகைக் கணக்கு போட்டுப் பழகிய ஊரில் இதன் ஓட்டையை நான் விளக்க வேண்டியதில்லை. போதாததற்கு சில இடங்களில் மேற்கோள் மொய் மாதிரி ஆகிவிட்டது, நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன். மொய் நோட்டைப் பார்த்து விருந்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லலாம், சாம்பார் எப்படி இருந்தது என்று சொல்ல முடியுமா?

அதற்காக எண்ணே வீண் என்று சொல்லமாட்டேன். பெல்ஜியத்தில் லூவன் நகரத்து எரிக் டி கிளர்க் பெயரில் ஆயிரத்துக்கு மேல் கட்டுரைகள், வைரஸ் மருந்து பற்றி யார் எழுதினாலும் அவரைத் தொடாமல் போவது கஷ்டம். அந்த மனிதருக்கு அந்த எண் தகும். ஆனால் அவர் சோதித்துப் பார்த்த மூலக்கூறுகளைச் செய்து கொடுத்தவர் பிராக் நகரத்து அந்தோனின் ஹோலி. 1976-ல் தொடங்கிய கூட்டு அது, நடுவில் இரும்புத்திரை வேறு. அசைக்ளோவிர் வேலை செய்ய வேண்டுமானால் வைரஸின் நொதி வந்து அதன்மேல் முதல் பாஸ்பேட்டை ஒட்ட வேண்டும், அந்த நொதி இல்லாத வைரஸிடம் பருப்பு வேகாது. ஹோலி என்ன செய்தார் என்றால், அந்த இடத்தில் எளிதில் அறுபடாத பாஸ்போனேட்டைத் தானே முன்கூட்டி வைத்துவிட்டார். அவ்வளவுதான், ஆனால் எவ்வளவு பெரிய விஷயம்! 1986-ல் அது நேச்சர் இதழில் வந்தது. அதே வருஷம்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். ஹோலியின் அந்த மூலக்கூறுக் குடும்பத்து மருந்தான டெனோபோவிர் 2001-ல் மாத்திரையாக வந்தது. இன்று எச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையங்களில் கொடுக்கிற டிஎல்டி மாத்திரையின் முதல் 'டி' அதுதான். அதை வாங்கிப் பைக்குள் மறைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர் ஹோலியை எந்த அடிக்குறிப்பில் எழுதுவார்?

எங்கள் பையன் ஒரே மூலக்கூறுக்காக இரண்டு வருஷம் சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயில் விட்டுப் பிரித்தெடுத்தான். கடைசியில் அது வைரஸை ஒன்றும் செய்யவில்லை. வேலை செய்யாத மூலக்கூறுக்குப் பேப்பர் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஆக அந்த இரண்டு வருஷம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அது பலிக்காது என்று தெரிந்ததே அடுத்தவனுக்கு இரண்டு வருஷ மிச்சம்தானே, அதை ஏன் அந்த அறையில் யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

நாலாம் நாள் அந்தப் பெரியவர் திரும்ப வந்தார். எரிச்சல் நல்லாக் குறைந்துவிட்டதாம். "வேளார் கை ராசிக்காரர்" என்றார். பையன் கடையில்தான் இருந்தான், அவர் படி இறங்கும் வரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "எலியனுக்கு இந்த சைட்டேஷனும் போச்சு அம்மான்."