மதுரை நட்சத்திர ஓட்டல்களில் 'மதுரை ஸ்பெஷல்' சாப்பிடாதீர்கள்

மதுரைக்கு ஒரு நாள் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். நட்சத்திர ஓட்டலில் தாராளமாக அறை எடுங்கள், நீச்சல் குளத்தில் கிடங்கள், மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருங்கள். ஆனால் அங்கே மெனுவில் 'மதுரை ஸ்பெஷல்' என்று போட்டிருக்கும் எதையும் தொடாதீர்கள். இதைப் படித்துவிட்டு ஓட்டல் தொழிலில் இருக்கிற நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

சமீபத்தில் நானும் மனைவியும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய் விடியற்காலையில் இறங்கினோம். அன்று இரவே திரும்பும் வண்டி. காலையிலும் ராத்திரியிலும் ஊருக்குள் சாப்பிடுவது, உச்சி வெயிலுக்கு மட்டும் நல்ல ஓட்டல் ஒன்றில் ஒதுங்குவது, இவ்வளவுதான் திட்டம்.

முதலில் தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சி, சுக்கு ஏலக்காய் தட்டிப்போட்டு, தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். குடிக்கிறோமா சாப்பிடுகிறோமா என்றே தெரியாத பதம் அது. வண்டிக்காரர் என் மனைவி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கரண்டியால் இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டு, "குடிங்கக்கா, இதுக்குக் காசு இல்ல" என்றார். அப்புறம் இட்லி, நாலு சட்னி. அதைப் பற்றி எழுதாத ஆளே இல்லை, விட்டுவிடுகிறேன்.

பத்து மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்தது, ஓட்டலுக்குப் போய்விட்டோம்.

மதுரையின் சொகுசு ஓட்டல்களுக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி சகோதரர்கள் இங்கே பஞ்சாலை வைத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு இன்றும் அது ஹார்வி மில்தான். கோச்சடையில் இருக்கும் ஹெரிடேஜ் மதுரை ஓட்டல், அந்த ஆலையின் பெரிய அதிகாரிகளுக்கான கிளப்பாக இருந்த இடம். 1970-களின் தொடக்கத்தில் அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் இலங்கையின் ஜெஃப்ரி பாவா, பிற்பாடு கோட்டேயில் அந்நாட்டு நாடாளுமன்றத்தைக் கட்டிய அதே ஆள். பழைய வீடுகளிலிருந்து கிடைத்த கருங்கல் தூண்களையும் கதவுகளையும் எடுத்துவந்து சேர்த்துக் கட்டியிருக்கிறார். முன்பு ஒரு தடவை அங்கே தங்கியிருக்கிறேன். அந்தத் தூண்களுக்கு நடுவே மத்தியானம் உட்கார்ந்தால், சுவரே இல்லாத இடத்தில்கூடக் காற்று குளிர்ந்து வரும், ஏசி ஞாபகமே வராது. பசுமலை மேலே இருக்கும் ஓட்டலும் அப்படித்தான், ஆலைத் துரைமார் இருந்த பங்களா. தோட்டத்தில் மயில் திரியும், கீழே ஊர் முழுக்கத் தெரியும்.

ஆக, சொகுசு என்பது இந்த ஊரில் முதலிலிருந்தே ஊரை விட்டுத் தள்ளி இருப்பதற்காகக் கட்டப்பட்டது. இரைச்சல் வேண்டாம், புழுக்கம் வேண்டாம், கூட்டம் வேண்டாம். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. காசு கொடுத்தால் இன்று எனக்கும் அந்த நிழல் கிடைக்கிறது. தள்ளி இருப்பதற்கென்றே வந்த இடம் திடீரென்று ஊரைக் கூப்பிட்டு பஃபே மேஜையில் நிறுத்தும்போதுதான் கோளாறு.

அன்று நாங்கள் ஒதுங்கியது இந்த இரண்டும் இல்லை, ஊருக்குள்ளேயே இருக்கிற வேறொன்று, பெயர் வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் 'கறி தோசை' என்று அட்டை. உள்ளங்கை அகலத்துக்குத் தோசை, மேலே ஒரு ஸ்பூன் கொத்துக்கறி, அதற்கும் மேலே கொத்தமல்லி ஒரே ஒரு இலை, மூடி போட்ட பாத்திரத்தில் கிடந்து வியர்த்துப்போயிருந்தது. பக்கத்தில் விரல் உயரக் கண்ணாடிக் குப்பியில் ஜிகர்தண்டா. அதில் கடல்பாசியைத் தேட வேண்டியிருந்தது. விளக்குத்தூண் பக்கம் போனால் அடியில் கடல்பாசி, அதன்மேல் நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், தலையில் ஐஸ்கிரீம் என்று கண்ணெதிரே அடுக்கித் தருகிறார்கள். ஓட்டலில் ஒரு சாப்பாட்டுக்குக் கொடுத்த காசில் எங்கள் தெருவையே கூட்டிப்போய் அங்கே ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

இதைக்கூட மன்னித்துவிடலாம். எனக்குப் பொறுக்காதது வேறு. எங்கள் மேஜையைப் பார்த்துக்கொண்ட தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். நாங்கள் தமிழில் கேட்கக் கேட்க அவர் இங்கிலீஷிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார், முதுகுக்குப் பின்னால் ஒரு கையை மடக்கிக்கொண்டு. ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் வந்து எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று அதே ராகத்தில் கேட்டார். கடைசியில் நான், "தம்பி, டூட்டி முடிஞ்சா நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்றேன். சூப்பர்வைசர் இருக்கிறாரா என்று ஒரு பார்வை. பிறகு மடக்கின கை முன்னால் வந்துவிட்டது. "அண்ணே, ராத்திரி சிம்மக்கல் போயிருங்க. அங்கிட்டு கறி தோசை போடுறாங்க பாருங்க, அதான் கறி தோசை. எட்டு மணிக்கு மேல போகாதீங்க, எடம் கெடைக்காது. எலும்புக் குழம்பு கேட்டு வாங்கிக்கங்கண்ணே, கேட்டாத்தான் ஊத்துவாங்க." முகமே மாறிப்போச்சு. இந்தப் பையனிடம் இருக்கிற மதுரையை மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து அழித்துவிட்டு, அப்புறம் அதே மதுரையை அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். விருந்தாளியை வற்புறுத்தக் கூடாது, அதிகம் பேசக் கூடாது, சொந்த ஊர்ப் பேச்சு வரக் கூடாது என்று யார் போட்ட சட்டம் இது? வெளிநாட்டுக்காரர் மேஜையில் இங்கிலீஷ் பேசட்டும், தேவைதான். திருமங்கலத்திலிருந்து வந்த குடும்பத்திடமும் அதையே பேசச் சொல்வது எந்த ஊர் மரியாதை?

ராத்திரி சிம்மக்கல் போனோம். மாவைத் தடிமனாக ஊற்றுகிறார், அது பாதி வெந்ததும் முட்டையை உடைத்து விட்டுக் கரண்டியின் அடியால் பரப்புகிறார், அதன்மேல் முன்னமே வெந்த ஆட்டுக்கறியைக் கை நிறைய அள்ளிப் போட்டு அழுத்துகிறார். திருப்பிப் போடும்போது கறி கல்லில் பட்டு ஒரு சத்தம், கருகலும் மிளகும் கலந்து ஒரு வாசனை, வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தோம். பரிமாறியவர் என் இலையில் பாதி மிச்சமிருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, கொறிச்சுக்கிட்டு இருக்கீங்க" என்று சொல்லி, நான் கேட்காமலே எலும்புக் குழம்பை ஊற்றிவிட்டார். கேட்டால்தான் ஊற்றுவார்கள் என்று தம்பி சொன்னது பொய்யாகிவிட்டது.

தெருக்கடையெல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கை கழுவுகிற இடம் படுமோசம், உட்கார்ந்து சாப்பிடும்போதே அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார், மட்டன் விலையும் இப்போது சல்லிசாக இல்லை. வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள், காரம் ஆகாதவர்கள் ஓட்டலிலேயே சாப்பிடட்டும். தயிர்சாதம் கேளுங்கள், மெனுவில் இல்லாவிட்டாலும் செய்து தருவார்கள். நாங்கள் போன ஓட்டலில் அது மட்டும் அருமையாக இருந்தது.