அளவெடுத்தால் மட்டும் போதுமா?
அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் பற்றிய கட்டுரையில் உயரம், கை நீளம், எவ்வளவு குதிக்கிறான் என்பதற்கே முக்கால்வாசி இடம் போய்விட்டது. 2007இல் 185 பவுண்டு எடையை ஒரு தடவைகூடத் தூக்க முடியாத கெவின் டுரான்ட் இரண்டாவதாகத் தேர்வாகி எப்பேர்ப்பட்ட நட்சத்திரம் ஆனார் என்பது ஊரறிந்த விஷயம். ஜேலன் பிரன்சன்? வில்லனோவா பல்கலைக்கழக அணியில் மூன்று வருடம், 2016, 2018 என இரண்டு சாம்பியன் பட்டம், அப்படியும் டிராஃப்டில் 33ஆவது ஆள்! உயரம் பத்தாதாம், வேகம் பத்தாதாம். உள்ளே புகுந்து சட்டென்று நின்று, தோளால் இடம் பண்ணிக்கொண்டு ஷாட் போடும் அந்த நிதானத்தை எந்த டேப்பை வைத்து அளப்பீர்கள்?

என்னைக் கேட்டால், கல்லூரி ஆட்டத்தில் தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்களில் எத்தனை சதவீதம் விழுந்தது என்பதைவிட, யாரும் தடுக்காமல் நின்று போடும் ஃப்ரீ த்ரோவைத்தான் முதலில் பார்ப்பேன். என்பிஏவின் மூன்று புள்ளிக் கோடு கல்லூரிக் கோட்டைவிட நடுப்பகுதியில் ஒன்றரை அடிக்கு மேல் பின்னால் இருக்கிறது. கை சுத்தமாக இருந்தால் தூரம் தானாகப் பழகிவிடும்.