நடக்குறதுக்குன்னே கட்டுன ஊர்ல நடக்க எடம் இல்ல

சத்தியமா கேக்குறேன், மலேசியாவுல நம்ம பினாங்கு ஜார்ஜ் டவுன்ல கார் இல்லாம சுத்திப் பாக்கணும்னு நெனைக்குறது அவ்ளோ பெரிய குத்தமா? ஈப்போலேர்ந்து மாமா வந்திருந்தாரு, பட்டர்வொர்த் வரைக்கும் ரயிலு, அங்கேர்ந்து ஃபெர்ரி, காத்து வாங்கிக்கிட்டு ஜம்முனு வந்து சேந்தோம். ஃபெர்ரித் துறையில எறங்குனதும் புடிச்சுது சனியன். வெல்ட் கீ ரோட்டத் தாண்டுறதுக்கே உசுரக் கையில புடிக்கணும், மாமாவுக்கு முட்டி வலி வேற, பாதி ரோட்டுல நின்னுட்டாரு, பின்னாலேர்ந்து ஒருத்தன் ஹாரன அமுக்குறான் பாருங்க, எரிச்சலா வந்துச்சு.

இந்த ஊரு நடக்குறவங்களுக்காகவே அமைஞ்ச ஊருங்க. பிட் ஸ்ட்ரீட் முனையில 1818ல கட்டுன செயின்ட் ஜார்ஜ் சர்ச், கொஞ்சம் தள்ளி குவான் யின் கோயில், பின்பக்கம் குயின் ஸ்ட்ரீட்ல 1833 மகாமாரியம்மன், இந்தாண்ட கப்பித்தான் பள்ளிவாசல், எல்லாம் பொடிநடையா போற தூரந்தான். வெயிலு மழை படாம போகணும்னுதான் அந்தக் காலத்துல கடைக்கு முன்னாடி அஞ்சடி விட்டுக் கட்டுனான். காக்கி லீமான்னு சொல்ற அந்த அஞ்சடி நடபாதையில இப்ப போய்ப் பாருங்க. முதல் கடை வாசல்ல ரெண்டு மோட்டர் சைக்கிள், அடுத்த கடையில அரிசி மூட்டை, அதுக்கடுத்தவன் மேசை நாற்காலி போட்டு மீ கோரெங் பெரட்டுறான், அதையும் தாண்டுனா ஒருத்தன் சுவரு வெச்சே அடைச்சிட்டான்! தரை வேற கடைக்குக் கடை ஏத்த எறக்கம், ஒருத்தன் வாசல் வழவழ டைல்ஸு, அடுத்தவன் வாசல் ஒரு படி மேல. சரின்னு லொங்காங்க, அதான் சாக்கடைய, தாண்டி ரோட்டுல எறங்குனா லோரி. மோட்டர கொஞ்சம் நகத்துங்கண்ணேன்னு கேட்டா, "அங்கிள் ரோட்டுலயே நடக்கலாமே, எல்லாரும் அப்டித்தான் போறாங்க"ன்னு நமக்கே புத்தி சொல்றாரு.

விக்டோரியா ராணி ஆட்சிக்கு அறுவது வருஷம்னு 60 அடிக்கு மணிக்கூண்டு கட்டி வெச்சிருக்கான், அது காரு சுத்துற வட்டத்துக்கு நடுவுல நிக்குது, கிட்டப் போய்ப் பாக்கணும்னா ஓடத் தெரிஞ்சிருக்கணும்.

அப்புறம் 1884ல ஆரம்பிச்ச பொட்டானிக் கார்டன், தண்ணீர்மலை கோயிலுக்கு அந்தப் பக்கம். ஊருக்குள்ளேர்ந்து ஆறேழு கிலோமீட்டர், மாமாவால நடக்க முடியாது, பஸ்ஸுக்கு நின்னோம் நின்னோம் நின்னுக்கிட்டே இருந்தோம், ஸ்டாப்புல நெழலு கூட இல்ல. கடைசியில கிராப் டாக்சி எடுத்து ஜாம்ல உக்காந்து போனோம். இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, 1906லயே ஆயர் ஈத்தாம் வரைக்கும் கரண்ட்ல ஓடுற டிராம் வெச்சிருந்த ஊரு இது! 1936ல அத நிறுத்துனாங்க, டிராலி பஸ் ஓடுச்சு, 1961ல அதுவும் போச்சு. பினாங்கு ரோடு சூலியா ஸ்ட்ரீட் சந்திப்புல பழைய தண்டவாளத்துல ஒரு துண்ட மட்டும் பத்திரமா காட்சிக்கு வெச்சிருக்காங்க. போட்டோ புடிச்சுக்கலாம், ஏறிப் போக முடியாது.

மாமா பொண்ணு தைவான்ல காவ்சியூங் போயிட்டு வந்து கத கதயா சொல்றா. அதுவும் துறைமுகப் பட்டணந்தான். ஹமாசென் ஸ்டேஷன்ல மேல ஏறி வந்தா பக்கத்துலயே பழைய ரயில்வே யார்டு, தண்டவாளத்தோட அப்டியே திடலாக்கிட்டாங்களாம். சென்ட்ரல் பார்க்குக்குன்னே தனி ஸ்டேஷன், வெளிய வந்தா மரத்தடி. அங்க மெட்ரோ ஓட ஆரம்பிச்சது 2008. நமக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் கெடச்சதும் அதே 2008. அவங்க ரயில் விட்டாங்க, நாம சுவத்துல படம் வரைஞ்சு டூரிஸ்ட்ட கியூல நிக்க வெச்சோம்.

உடனே எல்ஆர்டி ரயிலு வருதுல்லன்னு கெளம்பி வராதீங்க. வரட்டும், சந்தோஷம். ஆனா அது டவுனுக்குள்ள கொம்தார் கோபுரம் வரைக்கும் வரும், கடலத் தாண்டி பட்டர்வொர்த் போகும், தண்ணீர்மலை பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. கொம்தார்ல எறங்குன மனுஷன் கோட்டைக்கு எப்டிப் போவான்? இதே காக்கி லீமாலதான போகணும்? அந்த ரயிலு வர்றப்ப வரட்டும், மோட்டர எடுக்குறதுக்குமா டெண்டர் விடணும்?