தள்ளுபடி எவ்வளவு என்று கேட்க எதற்கய்யா தண்டோரா?

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை மணி பஸ். பெங்களூர் மடிவாளாவில் ஏறிப் படுத்தால் விடியும்போது மதுரை. அந்த டிக்கெட் வீணாய்ப் போனதற்கு சில்க் போர்டு டிராஃபிக் காரணமில்லை. ஒரே ஒரு `+=`.

பில்லிங் சாஃப்ட்வேர், சி ஷார்ப் என்கிற புரோகிராமிங் மொழியில் எழுதியது. கிளாஸ் என்றால் புரோகிராமில் ஒரு வேலையைப் பார்க்கும் தனிப் பகுதி. பில் போடும் கிளாஸுக்குத் தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டும். அந்த எண் ஸ்கிரீன் கிளாஸிடம் இருக்கிறது. அழைக்கும்போதே பாராமீட்டராகக் கையில் கொடுத்தனுப்பினால் வேலை முடிந்தது. எங்கள் சீனியர் புண்ணியவான் என்ன செய்தார்? பில் கிளாஸ் ‘தள்ளுபடி வேண்டும்’ என்று ஈவென்ட் எழுப்புமாம், அதாவது ஒட்டியிருக்கிற எல்லோருக்கும் தண்டோரா போடுமாம். ஸ்கிரீன் அதைக் கேட்டு, கூட வந்த ஆர்க்ஸ் என்கிற பொட்டலத்துக்குள் எண்ணைக் கூட்டி வைக்குமாம். பில் கிளாஸ் அதை எடுத்துக்கொள்ளுமாம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

கேட்டால் “லூஸ் கப்ளிங் ஜி” என்கிறார். ஒரு கிளாஸ் இன்னொன்றை இறுகச் சார்ந்திருக்கக் கூடாதாம். கிளாஸ் லூஸ் ஆச்சோ இல்லையோ, நான் ஆகிவிட்டேன்.

பில் கிளாஸ் ஒன்றே ஒன்றுதான். காலையில் கடை திறந்தால் இரவு வரை உயிரோடு இருக்கும். ஸ்கிரீனோ வாடிக்கையாளருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் வரும்போது `+=` போட்டு அந்த ஈவென்ட்டோடு ஒட்டிக்கொள்கிறது, போகும்போது `-=` போட்டுக் கழற்றிவிட ஆளில்லை. மூடிய ஸ்கிரீனை ஈவென்ட் இறுகப் பிடித்திருப்பதால் வேண்டாததை மெமரியிலிருந்து அள்ளும் கார்பேஜ் கலெக்டராலும் அள்ள முடியாது. தண்டோரா போட்டால் பழைய ஸ்கிரீன்களும் தங்கள் பத்தைக் கூட்டும். முதல் பில்லுக்கு 10 சதவீதம். இரண்டாவதுக்கு 20. மூன்றாவதுக்கு 30! கடைக்காரர் போனில் அழாத குறை. டெஸ்டிங்கில் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் திறந்து ஒரே ஒரு பில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் பச்சை.

சரி, `-=` போட்டுக் கழற்றலாம் என்றால் ஈவென்ட்டுக்குப் பதில் சொல்லும் ஹேண்ட்லர், லாம்டா என்கிற பெயரில்லாத ஃபங்ஷன். அதையே எழுத்து மாறாமல் மறுபடி அடித்தாலும் சி ஷார்ப்புக்கு அது வேறு டெலிகேட், அதாவது வேறு ஆள். எரரும் வராது, கழலவும் கழலாது. யார் யார் ஒட்டியிருக்கிறார்கள் என்று புரோகிராமைப் படித்தும் தெரியாது; நேரே அழைக்கும் மெத்தடாக இருந்தால் எடிட்டரில் எஃப்12 தட்டினால் நேரே போய் நிற்கலாம். இங்கே ஈவென்ட்டை எழுப்பும் இன்வோக் வரைக்கும்தான் வழி, அப்புறம் கும்மிருட்டு.

ஈவென்ட்டே கூடாது என்று சொல்லவில்லை. ‘பில் முடிந்தது’ என்று தண்டோரா போடு. பிரின்டர் கேட்கட்டும், ஸ்டாக் கேட்கட்டும், யாருமே கேட்காவிட்டாலும் பில் பாட்டுக்கு முடியும். பதில் வந்தால்தான் அடுத்த வரி ஓடும் என்றால் அது கேள்வி. தெருவெல்லாம் பறையடித்துவிட்டு, யார் சொன்ன பதில் என்றே தெரியாமல் கூட்டி எடுத்துக்கொள்வதற்கு டிசைன் என்று பெயரா?

ஈவென்ட்டைப் பிடுங்கிப் போட்டு ஒரு டெசிமல் பாராமீட்டர் வைத்தேன். மாறியது நாலு வரி. அப்போது மணி 1.40, பஸ் ஓசூரைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

காலையில் ரிவ்யூவில் சீனியரின் கமெண்ட்: “டைட் கப்ளிங் ஆகிறதே ஜி, ஈவென்ட்டாக மாற்ற முடியுமா?”