ஓஜி-கிரீ கலப்பு மொழியா?

கனடாவின் பூர்வகுடி மொழிகளில் ஒன்றான ஓஜி-கிரீயைப் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு இடம் இடிக்கிறது. ஓஜி-கிரீயை 'ஓஜிப்வேயும் கிரீயும் பாதிக்குப் பாதி கலந்த மொழி' என்று எழுதியிருக்கிறீர்கள். மொழியியலாளர்கள் இதை ஓஜிப்வேயின் ஒரு வட்டார வழக்காகத்தான் பார்க்கிறார்கள்; செவர்ன் ஓஜிப்வே என்றும் சொல்வார்கள். கிரீயின் தாக்கம் நிறைய உண்டு, அவ்வளவுதான். பேசுகிறவர்கள் தங்கள் மொழிக்கு வைத்திருக்கும் பெயர் அனிஷினினீமோவின். அதைக் கட்டுரையில் காணோமே!

எழுத்தையும் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். 1840 வாக்கில் கனடாவின் நார்வே ஹவுஸ் என்ற ஊரில் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் கிரீ மொழிக்காக அச்சிட்ட அசையெழுத்து ஓஜி-கிரீ பேசுகிறவர்களிடமும் வந்தது. வடிவம் மெய்யைச் சொல்லும், அது திரும்பியிருக்கும் திசை உயிரைச் சொல்லும். கூரை மாதிரி முனை மேலே இருந்தால் 'பி'. கவிழ்த்தால் 'பே'. முனை வலப்பக்கம் போனால் 'பொ', இடப்பக்கம் வந்தால் 'ப'. பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து பார்த்தேன், சட்டென்று பிடிபடுகிறது.

அப்புறம், இந்த மொழி பேசும் ஊர்களை ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கோடு நிறுத்திவிட்டீர்கள். பக்கத்து மாகாணமான மானிடோபாவில் ஐலண்ட் லேக் பக்கம் கார்டன் ஹில், வாசகமாக், செயின்ட் தெரேசா பாயின்ட், ரெட் சக்கர் லேக் என்று நான்கு சமூகங்கள் இருக்கின்றன. அங்கே ஆண்டு முழுக்க ஓடும் சாலை கிடையாது. ஏரி உறைந்தால் பனிச்சாலை, இல்லையென்றால் விமானம்தான். ஒன்டாரியோவில் இதே மொழி பேசும் பிக் டிரவுட் லேக்கில் சுரங்கத் துளையீட்டை எதிர்த்து 2008-இல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர் சிறைக்குப் போனதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.