ஷ்சாகெலை நினைவுகூரும்போது மாஜர் விழுந்ததையும் சொல்லுங்கள்

ஸ்பீட்வே எனும் மண் தட மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் போலந்து நாட்டின் முதல் உலக சாம்பியன் யெஜி ஷ்சாகெல் 2020 செப்டம்பர் 1ஆம் தேதி தமது 71ஆவது வயதில் காலமானார். அதற்கு மறுநாள், அவர் பட்டம் வென்று சரியாக 47 ஆண்டுகள் நிறைவடைந்தன. அப்போதும் சரி, அதன்பின் ஒவ்வொரு செப்டம்பரிலும் சரி, ரசிகர்கள் அவரைப் பற்றி எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு ஒரு மனக்குறை எழுகிறது. ஒரு சாரார் அந்த 1973ஆம் ஆண்டுப் போட்டியைப் புகழும்போது, பட்டத்துக்காக அவரோடு மோதிய ஐவன் மாஜர் கீழே விழுந்த விஷயத்தைத் தொடாமலே தாண்டிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் அதை மட்டுமே சொல்லி, "அதிர்ஷ்டத்தில் வந்த பட்டம்" என்று முடித்துவிடுகிறார்கள். இறந்தவரைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைப்பதும், ஒரே ஒரு வளைவை வைத்து அவரை அளப்பதும் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பது என் கருத்து.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சில வரிகள். நான்கு வீரர்கள், நீள்வட்ட மண் தடம், நான்கு சுற்றுகள். 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின் மெத்தனாலில் ஓடும். வண்டிக்கு ஒரே ஒரு கியர். பிரேக் கிடையவே கிடையாது. இடப்பக்கமாக மட்டுமே திரும்ப வேண்டிய வளைவுகளில், இரும்புத் தகடு பூட்டிய இடது காலைத் தரையில் உரசவிட்டு, பின்சக்கரத்தை வெளிப்பக்கமாகச் சறுக்கவிட்டுத்தான் வண்டியைத் திருப்ப முடியும். அந்தச் சறுக்கலே வேகத்தைக் குறைக்கும் வழியும்கூட. தொடக்கக் கோட்டில் கட்டிய நாடா மேலெழுந்து முதல் வளைவை எட்டுவதற்குள் யார் முந்துகிறார்களோ, அவர்களுக்குத் தடம் சுத்தமாகக் கிடைக்கும்; பின்னால் வருபவரின் முகத்தில் மண் வந்து அறையும். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதலிடத்துக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்குச் சுழியம்.

அந்தக் காலத்து உலகப் பட்டம் ஒரே நாளில் முடிவாகும். 16 வீரர்கள், 20 ஓட்டங்கள், ஒவ்வொருவருக்கும் ஐந்து வாய்ப்புகள். ஒருவர் மற்ற எல்லோரையும் ஒரு முறையாவது சந்தித்தே தீர வேண்டும். இப்போது நடப்பதுபோல ஒரு பருவம் முழுவதும் பல நகரங்களில் புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளும் வசதி அன்று இல்லை. காலையில் எஞ்சின் சரியாக வேலை செய்யவில்லை என்றால் அடுத்த ஆண்டுதான். 1973 செப்டம்பர் 2 அன்று ஹோஷூவ் நகரின் சைலீசிய விளையாட்டரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தார்கள். நியூசிலாந்தின் ஐவன் மாஜர் அதற்குள் 1968, 1969, 1970, 1972 என நான்கு பட்டங்கள் பெற்றவர், இதைத் தொழிலாகவே கொண்டு இங்கிலாந்தின் லீக்கில் வாராவாரம் ஓடிப் பழகியவர். ஓப்போலே நகரின் கொலெயாஷ் அணியிலிருந்து வந்த 24 வயது ஷ்சாகெலை அன்று வெளிநாட்டு ரசிகர்கள் பெரிதாகக் கணக்கில் வைத்திருக்க வாய்ப்பில்லை.

ஐந்து ஓட்டங்கள் முடிந்தபோது இருவரும் 13 புள்ளிகளில் நின்றார்கள். போலந்தின் இன்னொரு வீரர், இருபதே வயதான ஸெனோன் ப்ளெஹ், 12 புள்ளிகளோடு மூன்றாமிடம். முதலிடத்தை முடிவுசெய்ய மாஜரும் ஷ்சாகெலும் மட்டும் இறங்கிய கூடுதல் ஓட்டத்தில் ஷ்சாகெல் முன்னால் சென்றார். அவரைத் தாண்ட முயன்ற மாஜர், ஷ்சாகெலின் பின்சக்கரத்தில் உரசிக் கீழே விழுந்தார். பட்டம் போலந்துக்குப் போனது.

இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். மாஜர் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது சங்கிலி அறுந்தோ எஞ்சின் நின்றோ போயிருந்தால், அது ஷ்சாகெலுக்கு வாய்த்த நல்ல நேரம் என்று நானே ஒப்புக்கொள்வேன். நடந்தது அதுவல்ல. பின்னால் இருந்தவர் மாஜர். நாடா எழுந்த கணத்தில் தோற்றுப்போன இடத்தை மீட்க, பிரேக் இல்லாத வண்டியில், வழக்கமாக அவர் எடுக்காத அளவு ஆபத்தை எடுக்க வேண்டிய நிலைக்கு அவர் தள்ளப்பட்டிருந்தார். உலகிலேயே மிகக் கணக்காக ஓட்டுபவர் என்று பெயர் வாங்கிய ஒருவரை அப்படித் தவறு செய்ய வைத்தது முன்னால் ஓடியவரின் வேகம்தான். விழுந்தது மாஜரின் தவறு. அந்தத் தவறுக்கான நெருக்கடியை உண்டாக்கியது ஷ்சாகெல். ஆகவே அந்த வீழ்ச்சியை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. அதைச் சொன்னால்தான் வெற்றி எப்படி வந்தது என்பதே விளங்கும்.

சொந்த மண்ணில் ஓடியதால் கிடைத்த பட்டம் என்பது இன்னொரு குறை. உண்மைதான், அரங்கம் முழுவதும் அவருக்காக ஆர்ப்பரித்தது. தகுதிச் சுற்று முறையால் கிழக்கு ஐரோப்பிய வீரர்கள் பலருக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் சொந்த மண் மட்டும் போதுமென்றால், 1970இல் இறுதிப் போட்டி வ்ரோத்ஸ்வாஃப் நகரில் நடந்தபோதே போலந்து பட்டம் வென்றிருக்க வேண்டும். அன்று பாவெல் வாலோஷெக் இரண்டாமிடம், அந்தோனி வோரினா மூன்றாமிடம்; முதலிடத்தில் அதே மாஜர். 1979இல் மாஜர் தமது ஆறாவது பட்டத்தை வென்றதும் இதே ஹோஷூவ் அரங்கில்தான்; அன்று உள்ளூர் மக்களின் கண்முன்னே இரண்டாமிடத்தில் முடித்தவர் ப்ளெஹ். தன் ஊர்த் தடம் உதவி செய்யும். ஆனால் பட்டத்தை யாருக்கும் தட்டில் வைத்துத் தருவதில்லை.

அஞ்சலி எழுதுபவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடும் மற்றொரு விஷயம், 1971. அந்த ஆண்டு கோத்தன்பர்க்கில் நடந்த உலக இறுதிப் போட்டியில் ஷ்சாகெல் எடுத்தது சுழியம். ஒரு புள்ளிகூட இல்லாமல் அட்டவணையின் அடியில் கிடந்தவர், அதற்கடுத்துத் தாம் கலந்துகொண்ட இறுதிப் போட்டியிலேயே சாம்பியன் ஆனார். என் கண்ணுக்கு அவருடைய வாழ்க்கையிலேயே மிகப் பெரிய செய்தி இதுதான். அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

கோத்தன்பர்க்கில் தலைகவிழ்ந்த அதே 1971இல்தான் ரிப்னிக் நகரில் உலக இணையர் போட்டியும் நடந்தது. அதில் ஷ்சாகெலும் அந்த்ஷேய் விக்லெண்டாவும் சேர்ந்து எதிரணி ஒன்றுக்குக்கூட இடம் கொடுக்காமல், ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் இரண்டு இடங்களையும் தாங்களே எடுத்து, முழுப் புள்ளிகளான 30ஐயும் பெற்றுப் பட்டம் வென்றார்கள். இரண்டாவதாக வந்தது நியூசிலாந்து. அந்த அணியில் ஓடியவர்கள் மாஜரும் பாரி பிரிக்ஸும். ஆக, 1973இல் ஹோஷூவ் தடத்தில் மாஜரை எதிர்கொண்டவர், அவரை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நேருக்கு நேர் ஓடி வென்றவர். இந்த ஒரு தகவலைத் தெரிந்துகொண்ட பிறகு "எங்கிருந்தோ வந்து தட்டிக்கொண்டு போனவர்" என்று எழுத எப்படி மனம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

அவருடைய பிற்காலம் அத்தனை ஒளிமிக்கதாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஹோஷூவுக்குப் பிறகு வேறெந்தத் தனிநபர் உலக இறுதிப் போட்டியிலும் அவர் ஓடவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவருடைய ஓட்டமும் முடிந்துவிட்டது. போலந்துக்கு இரண்டாவது தனிநபர் உலகப் பட்டம் கிடைக்க 2010இல் தொமாஷ் கோல்லோப் வர வேண்டியிருந்தது. இடையில் 37 ஆண்டுகள். ஸ்பீட்வே லீக் போட்டிகளுக்கு அந்த நாட்டில் கூடுவதுபோல் உலகில் வேறெங்கும் மக்கள் கூடுவதில்லை. அப்படிப்பட்ட நாட்டில், ஒவ்வோர் ஆண்டும் எவரேனும் பட்டத்தைத் தவறவிடும்போதெல்லாம் ஷ்சாகெலின் பெயர் எடுக்கப்பட்டது. அந்த மூன்று தலைமுறை ரசிகர்களுக்கு அவர் ஒரு மனிதராக இருந்ததைவிட ஒரு வினாடிவினா விடையாகவே அதிகம் இருந்தார். அவரோ ஆரவாரமில்லாமல், தன்னை முன்னிறுத்திக்கொள்ளாமல் வாழ்ந்தார்.

இங்கேதான் ரசிகர்களாகிய நம்மிடமே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இளமையில் இறந்தவரை நினைவில் வைத்துக்கொள்ள நமக்கு நன்றாகத் தெரியும். லெஷ்னோ நகரின் ஆல்ஃபிரெட் ஸ்மோச்சிக் 1950இல் 21 வயதில் சாலை விபத்தில் இறந்தார். மறு ஆண்டே அவர் பெயரில் நினைவுப் போட்டி தொடங்கியது, அந்த ஊர் அரங்கமும் அவர் பெயரையே தாங்குகிறது. இங்கிலாந்தின் பீட்டர் கிரேவன் 1955, 1962 ஆண்டுகளின் உலக சாம்பியன். 1963 செப்டம்பரில் எடின்பரோவில், முன்னால் விழுந்துகிடந்த வீரர்மீது ஏறிவிடாமல் வண்டியைத் திருப்பியபோது விபத்துக்குள்ளாகி நான்காம் நாள் இறந்தார். அவருக்கு அப்போது 29 வயது. அவர் ஓடிய மான்செஸ்டர் பெல்வியூ அணி இன்றும் அவர் பெயரில் கோப்பை நடத்துகிறது. இவை இரண்டும் மிகச் சரியான செயல்கள். கிரேவன் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் கை கூப்பத் தோன்றும். ஆனால் எழுபது வயதைக் கடந்து, நோயும் மூப்புமாக வீட்டில் இறக்கும் வீரருக்கு நாம் வைத்திருப்பது என்ன? ஒரு நிமிட மௌனம், கருப்புப் பட்டை, பழைய புகைப்படம் ஒன்று. முழு ஆயுளும் வாழ்ந்துவிட்டார் என்பதற்காக அவர் ஓடிய ஓட்டத்தின் மதிப்பு குறைந்துவிடுமா?

ஷ்சாகெல் இறந்த ஆண்டு, பெருந்தொற்றின் கட்டுப்பாடுகளோடு போட்டிகள் நடந்த ஆண்டு. அவருக்காக முழு அரங்கம் எழுந்து நிற்கும் வாய்ப்புகூட அமையவில்லை. அவர் இறந்து ஐந்து வாரங்கூட ஆகாத நிலையில், டோருன் நகரில் போலந்தின் பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக் தமது இரண்டாவது உலகப் பட்டத்தை வென்றார். நவம்பர் 25 அன்று ப்ளெஹும் காலமானார். மாஜர் 2018 ஏப்ரலிலேயே போய்விட்டார். அன்றைய மேடையில் நின்ற மூவரில் எவரும் இல்லாத நிலையில், என்ன நடந்தது என்று இனிமேல் சொல்ல வேண்டியவர்கள் ரசிகர்கள் மட்டுமே.

ஆகவே நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஹோஷூவ் கூடுதல் ஓட்டத்தின் காணொளியை ஒவ்வொரு செப்டம்பரிலும் பகிருங்கள். மாஜர் விழும் இடத்தில் வெட்டாமல் முழுவதுமாகப் பகிருங்கள். அதன் கீழே கோத்தன்பர்க்கின் சுழியத்தையும் ரிப்னிக்கின் 30ஐயும் எழுதுங்கள். "அதிர்ஷ்டம்" என்று யாராவது வந்து கருத்திட்டால் சண்டைக்குப் போக வேண்டாம். விழும்போது யார் முன்னால் இருந்தார் என்று மட்டும் கேளுங்கள்.