அந்தியூர் சந்தைக்குப் போனால் குதிரையின் காலைப் பாருங்கள்

அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போகிறவர்கள் எல்லாரும் குதிரையின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். பிடரியில் பின்னிய கலர் நூல், நெற்றியில் தொங்கும் குஞ்சம், நுனி ஒன்றையொன்று தொடுகிற மாதிரி உள்பக்கம் வளைந்த மார்வாரிக் காது, இதையெல்லாம் போனில் பிடித்துக்கொண்டு அடுத்த குதிரைக்குப் போய்விடுகிறார்கள். நான் முதலில் குனிந்து குளம்பைப் பார்ப்பேன். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். குளம்பு வெடித்திருக்கிறதா, லாடம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, எந்தக் காலில் பாரம் போடாமல் நிற்கிறது என்று பார்த்தால் போதும். அந்தக் குதிரையை இத்தனை நாளும் எப்படி வைத்திருந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஈரோடு மாவட்டத்தில் அந்தியூர் பக்கம் புதுப்பாளையம். அங்கே குருநாதசாமி கோயில். ஆடித் தேர்த்திருவிழாவில் சாமிகளை வனக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதை ஒட்டி நாலைந்து நாள் கால்நடைச் சந்தை கூடும். பர்கூர் மலைமாடு, காங்கேயம் காளை, ஆடு எல்லாம் வரும். மாட்டுப் பக்கம் போனால் இன்னமும் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்க்கலாம். ஆனால் ஊர் உலகத்தில் பெயர் வாங்கியது குதிரைதான். திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கே குதிரை வாங்கினார் என்று எங்கள் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கொள்ளேகாலம், அதைத் தாண்டினால் மைசூர்ச் சீமை. அந்தப் பாதையில் ஒருமுறை பஸ்ஸில் போனவர்கள் இந்தக் கதையைச் சுலபமாக நம்புவார்கள்.

ஒவ்வொரு வருஷமும் சந்தை முடிந்ததும் செய்தியில் வருவது ஒன்றே ஒன்று. இந்த வருஷம் அதிக விலைக்கு வந்த குதிரை எது? அது என்ன தீனி தின்கிறது, எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள், எவ்வளவுக்குக் கேட்டார்கள்? சரி, அதுவும் சந்தோஷம்தான். நல்ல குதிரையைப் பார்த்தால் எனக்கும் மனசு துள்ளத்தான் செய்கிறது. என் கவலை அந்தக் குதிரையைப் பற்றியது அல்ல. அதை ஏசி வண்டியில் ஏற்றி வருபவர் டாக்டரையும் கூடவே கூட்டி வந்துவிடுவார். ஒரே ஒரு மட்டக்குதிரையை வைத்துக்கொண்டு கல்யாண ஊர்வலம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று ஓடிப் பிழைக்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. கறுப்பி என்று பெயர், நிறம் என்னவோ செம்பழுப்பு. அப்பா இதே சந்தையில் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, நடக்கவிட்டு, ஓடவிட்டு, இரண்டு நாள் யோசித்து வாங்கிய பெண் குதிரை. ஒரு தை மாத ராத்திரி, சோளம் அடித்து வைத்திருந்த படங்கை இழுத்து வயிறு முட்டத் தின்றுவிட்டது. பத்து மணிக்கு நான் தண்ணீர் காட்டப் போனபோது தலையைத் திருப்பித் திருப்பித் தன் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தது. முன்னங்காலால் தரையைப் பறித்தது. கழுத்தெல்லாம் வேர்வை. அப்புறம் படுத்தது, புரண்டது, எழுந்தது, மறுபடியும் படுத்தது. மாட்டுக்கு வயிறு உப்பினால் எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு வைத்தியம் தெரியும். குதிரை வயிறு அப்படி இல்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும், வழியில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

பக்கத்தில் தெரிந்த கால்நடை டாக்டருக்கு அப்பா போன் செய்தார். நல்ல மனுஷர், அந்த நேரத்திலும் எடுத்தார். "ஏனுங்க, தினமும் மாடும் ஆடும்தானுங்க பாக்கறேன். காலேஜ் முடிச்சப்புறம் குதிரையத் தொட்டதே இல்லீங்க. தெரியாம ஊசி போட்டு ஏதாச்சும் ஆயிட்டா உங்களுக்குத்தானுங்க நட்டம்" என்றார். அந்த நேர்மைக்கு இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த ராத்திரி நாங்கள் யாரிடம் போவது?

பவானிப் பக்கத்திலிருந்து ஒரு பாய் வந்தார். ஒரு காலத்தில் ஜட்கா ஓட்டியவர், லாடமும் அடிப்பார். இரண்டு மணிக்கு டிவிஎஸ் 50இல் வந்து இறங்கி, யாரிடமும் ஒன்றும் பேசாமல் கறுப்பியின் விலாவில் காதை வைத்தார். இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம். "உள்ளே சத்தம் லேசா இருக்கு, பொழச்சுக்கும்" என்றார். கடிவாளத்தைக் கழற்றிவிட்டு வெறும் கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்தினார். நிற்பார், காதை வைப்பார், மறுபடி நடத்துவார். விடியற்காலை வேறு ஊரிலிருந்து குதிரை பார்க்கத் தெரிந்த டாக்டர் வந்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து கொடுக்கும்வரை அவர் உட்காரவே இல்லை. வெயில் ஏறும்போது கறுப்பி சாணி போட்டது. அப்பா அதைப் பார்த்து அழுதார். சாணியைப் பார்த்து ஒரு மனுஷர் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தப் பாய் இப்போது இல்லை. அவர் மகன் செல்போன் கடை வைத்திருக்கிறார், நன்றாக இருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. லாடம் அடித்துச் சாப்பிட முடியாது என்று அவருடைய அப்பாவே சொல்லித்தான் அந்தக் கடையை வைத்துக் கொடுத்தார். ஆனால் அந்தக் காதுக்குத் தெரிந்தது எதுவும் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை.

லாடம் என்றால் இரும்பை வைத்து ஆணி அடிப்பதுதானே என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் கிட்டே நின்று பார்க்க வேண்டும். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துப் படுக்க வைத்துத்தான் லாடம் கட்டுவார்கள். குளம்பு பிளந்திருப்பதால் காலுக்கு இரண்டு துண்டு. குதிரை நின்றபடியே காலைக் கொடுக்கும். லாடக்காரர் அந்தக் காலைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பழைய ஆணியைப் பிடுங்கி, வளர்ந்த குளம்பைச் சீவி, அரம் போட்டுச் சமன் செய்து, புது லாடத்தை வைத்துப் பார்ப்பார். ஆணி உள்ளே போய்க் குளம்பின் வெளிச்சுவர் வழியாக வெளியே வர வேண்டும். ஒரு நூல் உள்ளே தள்ளிப் போனால் சதையில் ஏறிவிடும், குதிரை நொண்டும். எங்கள் பாய் ஆணி இறங்கும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். கெட்டியான சத்தம் என்றால் சரியான இடம். சத்தம் மந்தமானால் உடனே பிடுங்கிவிடுவார். ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும். இன்றைக்கு எங்கள் சுற்றுவட்டாரத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் லாடம் அடிக்க ஆள் கிடைக்காமல் மூன்று மாதம், நாலு மாதம் தள்ளிப்போடுகிறார்கள். நான் சந்தையில் காலைப் பார்ப்பது இதனால்தான்.

இந்தக் குறை இன்று நேற்று வந்ததும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதையே எழுதி வைத்திருக்கிறார். ராஜாக்கள் கடல் வழியாக ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், வருஷம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப் போகின்றன, பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லை, வேகவைத்த சோற்றையும் கறியையும் போடுகிறார்கள் என்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் யாரும் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொள்கிறார்கள், சாகச் சாகத்தானே வியாபாரம் என்றும் எழுதுகிறார். அதில் எவ்வளவு மிகையோ, விடுங்கள். 700 வருஷம் கழித்தும் நாம் குதிரைக்குக் கொட்டிக் கொடுக்கிறோம், குதிரைக்காரருக்குக் கணக்குப் பார்க்கிறோம்.

நாட்டு நிலவரம் என்ன என்று பாருங்கள். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் குதிரையும் மட்டக்குதிரையும் சேர்த்து 6.25 லட்சம். 2019இல் 3.42 லட்சம். ஏழே வருஷத்தில் கிட்டத்தட்டப் பாதி. கழுதை இன்னும் மோசம், 61 சதவீதம் குறைந்து 1.2 லட்சத்துக்கு வந்துவிட்டது. வண்டியும் ரோடும் வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். கொடைக்கானல் மலையில் வெள்ளகவிக்குத் தேர்தல் வந்தால் ஓட்டு மெஷின் குதிரை முதுகில்தான் ஏறுகிறது. தருமபுரி கோட்டூர் மலைக்குக் கழுதை முதுகில் போகிறது. நம் வயலில் பாம்பு கடித்தால் ஏற்றுகிற விஷமுறிவு மருந்தும் குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பதுதான். குதிரையின் தேவை எங்கேயும் போய்விடவில்லை, நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தேசியக் கால்நடை இயக்கத்தில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகத்தையும் சேர்த்தது. பண்ணை வைக்க 50 சதவீத மானியம், 50 லட்சம் ரூபாய் வரை. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் மீதிப் பாதியைக் கையிலிருந்து போடுகிறவருக்குத்தான் அது உதவும். புறம்போக்கில் வேப்பமரத்தடியில் ஒரு குதிரையைக் கட்டி வைத்திருப்பவர் எந்தத் திட்ட அறிக்கையை எழுதி, எந்தப் பேங்கில் கொடுப்பார்? அவருக்கு வேண்டியது இவ்வளவுதான்: மாதம் ஒருநாளாவது இந்த இடத்தில் குதிரை டாக்டர் இருப்பார் என்கிற உறுதி, லாடம் அடிக்க ஒரு ஆள், கொள்ளும் தவிடும் கட்டுப்படியாகிற விலையில்.

என் ஆசை என்னவென்றால், இது எல்லாம் சந்தையிலேயே தொடங்க வேண்டும். குதிரைக்காரர்கள் நாங்களாக வந்து ஒரே இடத்தில் கூடுகிற நாலைந்து நாள் அது. வேறு எப்போது அத்தனை குதிரையை ஒரே மைதானத்தில் பார்க்க முடியும்? நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடைசி வருஷ மாணவர்களை அந்த நாலு நாளும் அங்கே நிறுத்தலாம். பல் ராவுவதிலிருந்து குடற்புழு மருந்து வரை கொடுக்கலாம், அவர்களுக்கும் கைப்பழக்கம் வரும். கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை அங்கேயே எடுக்கலாம். அது மனுஷருக்கும் தொற்றுகிற நோய். வந்த குதிரையைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. அதனாலேயே பலர் பயந்து பரிசோதனைக்கே போவதில்லை. இழப்பீட்டை உடனே கையில் கொடுப்போம் என்று எழுதி ஒட்டினால் அந்தப் பயத்தில் பாதி போய்விடும்.

இன்னொன்று, நம் நாட்டு மட்டக்குதிரை. காங்கேயம், பர்கூர், உம்பளச்சேரி, புலிக்குளம் என்று மாடுகளுக்குப் பதிவு வாங்கிவிட்டோம், அதற்காக எத்தனை பேர் அலைந்தார்கள் என்பதும் தெரியும். தமிழ்நாட்டுக்கென்று பதிவு பெற்ற குதிரை இனம் ஒன்றுகூடக் கிடையாது. மகாராஷ்டிரத்துக்காரர்கள் பீம்தடி என்கிற தங்கள் குதிரையை விடாமல் ஆராய்ந்து பதிவு வாங்கிவிட்டார்கள். மலைக்கிராமங்களில் மூட்டை சுமக்கும் நம் குதிரை தனி இனமா, கலப்பா? அளந்து பார்த்தால்தானே தெரியும். தனி இனம் இல்லை என்று முடிவு வந்தாலும் பரவாயில்லை, பார்த்தோம் என்றாவது இருக்கட்டும். ஐயனாருக்கு ஆளுயர மண்குதிரை செய்து புரவி எடுக்கும் நாடு இது.

சந்தைக்கு வருகிறவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். பின்பக்கமாகப் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். மேளத்துக்கு ஆடுகிற குதிரையை ரசிப்பது தப்பில்லை, ஆனால் அதன் வாயில் முள் கடிவாளம் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம் இழுக்கும் கால்நடைகளுக்கான 1965 விதிகளே அதைத் தடை செய்திருக்கின்றன. வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் 12 முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. பார்த்தால் சண்டை போட வேண்டாம், குதிரைக்காரரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவருக்கு அது தெரிந்திருக்காது. போட்டோ எடுத்தால் ஒரு ஐம்பது ரூபாய் கொடுங்கள். அன்றைய கொள்ளுக்கு ஆகும்.

பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு என்று ஆசைப்பட்டுக் குதிரைக்குட்டி வாங்க நினைக்கிறவர்கள், விலை கேட்பதற்கு முன்னால் உங்கள் ஊரிலிருந்து லாடக்காரர் எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் இந்த வருஷம் வாங்காதீர்கள்.

வரும் ஆடிக்கு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்யலாம் என்றிருக்கிறோம். சந்தை நடக்கிற நாட்கள் முழுக்க ஒரு லாடக்காரரைக் கூட்டி வந்து, சாப்பாடு, தங்குமிடம், கூலி எல்லாம் எங்கள் பொறுப்பில் வைத்து, வருகிற மட்டக்குதிரைகளுக்குக் காசு வாங்காமல் குளம்பு சீவிக் கொடுப்பது. இரண்டு பையன்கள் கூட இருந்து கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். பணம் ஓரளவு சேர்ந்துவிட்டது. லாடக்காரர்தான் இன்னும் கிடைக்கவில்லை. உங்கள் ஊரில், உங்கள் தாத்தா காலத்துப் பழக்கத்தில், குதிரைக்கு லாடம் அடிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வயசானவராக இருந்தாலும் பரவாயில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னால் போதும், காலைப் பிடிக்கப் பையன்கள் இருக்கிறார்கள்.